படம் மாறினால் போதுமா?

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தையல் கணக்கு எழுதவும் கரண்ட் பில் கட்டவும் 2016-ல் வாங்கிய கம்ப்யூட்டர்தான் எனக்குத் துணை.

"அம்மா, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட இலவசப் பாதுகாப்பு நின்னு போச்சு. அப்படியே வெச்சுக்கிட்டு பேங்க் வேலை பார்க்காதே" என்று பெங்களூரிலிருந்து மகன் எச்சரித்தான். உடனே பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். இரண்டே நாளில், "விண்டோஸ் 11 போட்டாச்சு அக்கா!" என்று கொண்டுவந்து வைத்தார். திரையில் அழகான நீலப் பூ! மகிழ்ந்துபோய் 1,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

இரவு மகனிடம் பெருமையாகச் சொன்னேன். அவனோ, "அதையே கேட்டுப் பார்த்துடலாம்மா" என்று போனிலேயே ஒரு கைவேலை கற்றுக் கொடுத்தான்.

நோட்பேடைத் திறந்து இங்கிலீஷில் இரண்டே வரி. முதல் வரியில் 'சிஸ்டம்இன்ஃபோ' என்று இடைவெளி விடாமல்; அடுத்த வரியில் 'பாஸ்'. சேமிக்கும்போது பெயரின் கடைசியில் புள்ளி வைத்து 'பேட்' என்று போட வேண்டும். கீழே கோப்பு வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றாவிட்டால், அது வெறும் கடிதமாகவே நின்றுவிடும்!

அதை இரண்டு முறை தட்டினேன். கறுப்பு ஜன்னலில் கம்ப்யூட்டரின் ஜாதகமே வந்துவிட்டது. 'பாஸ்' இல்லையென்றால் படிப்பதற்குள் ஜன்னல் மூடிக்கொள்ளுமாம்.

பெயர் விண்டோஸ் 10. பில்டு எண் 19045. முதலில் போட்ட தேதியோ 2021! எனக்குத் திக்கென்றது.

மறுநாள் மெக்கானிக், "11 போட்டாலும் வெர்ஷன் 10.0-ன்னுதான் காட்டும் அக்கா" என்று சமாளித்தார். அது உண்மைதான், மகன் முன்பே சொல்லியிருந்தான். "ஆனா பில்டு எண் 22000-க்குக் குறையாதே தம்பி? தேதியும் பழசா இருக்கே?" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "உங்க மெஷினு பழசு, 11 ஏத்துக்கலைக்கா. படத்தை மட்டும் மாத்தினேன்" என்று பணத்தைத் திருப்பித் தந்தார்.

பணம் பெரிதில்லை. அந்தப் பூவை நம்பி பேங்க் வேலையைத் தொடர்ந்திருப்பேனே! இப்போது அதில் தையல் கணக்கு மட்டும்தான்.

புடவையைப் புரட்டி உள்பக்கம் பார்த்து வாங்குகிற நாம், இதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் என்ன, சகோதரிகளே?