எல்.கே.ஜி.யா, அங்கன்வாடியா?

மே மாதம் வந்தால் முசரவாக்கத்தில் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீடுகளில் இதே பேச்சுதான். ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் மூன்று இடங்களைப் பார்த்து வந்தேன்.

கொஞ்சம் பழங்கதை. நாங்கள் பால்வாடி என்போம். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசின் ஐ.சி.டி.எஸ். திட்டத்தோடு அங்கன்வாடி என்ற பெயர் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, பால்வாடிக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்தப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் தொடர்ந்தார்கள். மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள். அந்தச் சம்பளத்தில் யார் எத்தனை நாள் தங்குவார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆக, அரசு எல்.கே.ஜி. என்பது அங்கன்வாடிக்குள்ளேயே இருப்பதுதான். சோறும் முட்டையும் ஒன்றே. வித்தியாசம் யூனிஃபார்மும் நோட்டும். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து எழுத வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாக்களுக்குப் பிடிக்கிறது. "அங்கன்வாடின்னா சோறு போடற இடம் சார், படிப்பு எங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். பாட்டும் கதையும் படிப்பில் சேராது போலிருக்கிறது.

ஒரு அங்கன்வாடியில் டீச்சர் செல்போனில் போஷன் டிராக்கர் பதிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எடை, உயரம், வருகை எல்லாம் அதில் ஏற்ற வேண்டும். குழந்தைகளை மேய்த்தது ஆயாதான். எல்.கே.ஜி.யிலும் அதே கதை. டீச்சர் மதியம் கிளம்பினார், பிறகு ஆயா. போர்டைவிட, அந்த ஆயா எப்படிப்பட்டவர் என்பதுதான் முக்கியம்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். எதிர்ப்பக்க நாடாவைப் போட ஒரு ஆள். பல வீடுகளில் அது மனைவிதான். குழித்தறி இருக்கும் அறையில் தவழ்ந்து ஓடும் குழந்தையை விட்டுவிட்டு நெய்ய முடியுமா? பக்கத்து வீட்டு மருமகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாயங்காலம் எத்தனை மணிக்கு சார் விடுவாங்க?" நான் பார்த்த தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. மதியம் பன்னிரண்டோடு சரி. அங்கன்வாடியில் சாப்பாடு போட்டு, பாய் விரித்துத் தூங்கவைத்து, மூன்றரைக்கு மேல்தான் அனுப்புகிறார்கள். அவள் அங்கன்வாடியிலேயே சேர்த்துவிட்டாள்.

பார்க்கப் போகிறவர்கள் சேர்க்கை நாளில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாமே பளபளவென்றிருக்கும். சாதாரண நாளில், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அழுகிற குழந்தையை யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். கழிப்பறைக் குழாயையும் திறந்து பாருங்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் தண்ணீர் வரவில்லை. மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.