இரு வீட்டுக்கு நடுவே

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஒரு வீட்டை விற்றுக்கொண்டே மற்றொரு வீட்டை வாங்கிப்பார் என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சேர்க்கவில்லை. அக்காலத்தில் வீடு விலைபோகும் பண்டமாக இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணமாகலாம். தொட்டில் ஆடிய வீட்டிலிருந்தே ஜனாஸாவும் எழுந்தது. இன்று அப்படியில்லை. ஊர் மாறுகிறது, தெரு மாறுகிறது, முதுமை வருகிறது. வீடும் மாறத்தான் வேண்டியிருக்கிறது.

கடந்த ஆண்டு அம்மூன்றாம் சோதனையில் நாமும் எட்டு மாத காலம் நின்றோம். கள்ளக்குறிச்சியில் கடைத்தெருவை ஒட்டிய சந்தொன்றில் தந்தையார் காலத்து ஓட்டு வீடு நம்முடையது. சாலையை ஆண்டுக்காண்டு உயர்த்தியதில் வீடு பள்ளமாகிவிட்டது. ஐப்பசி மழையில் கூடத்துக்குள் தண்ணீர் நிற்கும். எண்பதைக் கடந்த தாயார் பின்கட்டுக்குச் செல்ல நான்கு படி இறங்க வேண்டும். படியில்லாத வீடொன்று ஊரின் மறுகோடியில் விலைக்கு வந்தது. விலை 38 இலட்சம். நம் வீட்டை 32 இலட்சத்துக்குக் கேட்டு ஒரு வணிகரும் வந்தார். மீதியைச் சேமிப்பிலிருந்து சரிக்கட்டலாம். கணக்கு எளிதாகத்தான் இருந்தது.

2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு மனை விலை ஏறிற்று. விற்பவனுக்கு அது மகிழ்ச்சி, வாங்குபவனுக்கு அது துயரம். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்பவன் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? காலையில் நம் வீட்டின் தேக்கு உத்தரத்தைப் புகழ்ந்து பேசினோம். மாலையில் வாங்கும் வீட்டின் சுவர் விரிசலைச் சுட்டிக்காட்டிப் பேசினோம். ஒரே நாவு இரு வேலையும் செய்தது.

வணிகர் 3 இலட்சம் முன்பணம் தந்து, மூன்று மாதத்தில் கிரயம் முடிப்பதாக ஒப்பந்தம் எழுதினார். அதே 3 இலட்சத்தை அதே வாரத்தில் நாம் வாங்கவிருந்த வீட்டுக்காரருக்கு முன்பணமாகக் கொடுத்து, அதே மூன்று மாதத் தவணை எழுதினோம். இப்படியன்றி வேறு வழி உண்டோ? முதலில் விற்றால் குடியிருக்க இடமில்லை. முதலில் வாங்கினால் கொடுக்கப் பணமில்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்தாக வேண்டும். ஆனால் அந்த ஒரு நாளைத் தீர்மானிப்பது நாமல்ல.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வாழும் நம் சகோதரர் மகனிடம் தொலைபேசியில் இதைக் கூறியபோது, "பெரியத்தா, இங்கே இதற்குச் சங்கிலி என்றே பெயர்" என்றார். அவர் தம் சிறு வீட்டை விற்றுப் பெரிய வீடு வாங்க முயன்றவர். அவருடைய வீட்டை வாங்குபவர் தம் வீட்டை விற்க வேண்டும். அவரிடம் வாங்குபவரும் அப்படியே. ஐந்து வீடு கோத்த சங்கிலியில் கடைசியில் நின்றவருக்கு வேலை போயிற்று. ஐந்து குடும்பமும் ஒரே நாளில் அறுந்து விழுந்தன. அந்நாட்டில் விலை பேசி ஒப்புக்கொள்வதால் மட்டும் யாரும் கட்டுப்படுவதில்லை. இருதரப்பு வழக்கறிஞர்களும் ஒப்பந்தப் பத்திரங்களை மாற்றிக்கொள்ளும் நாள்வரை எவரும் விலகலாம். வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு முன்பணம் கைமாறுவதும் அன்றுதான். அதற்குமுன் வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் விற்பவர் அவர் பக்கம் சாய்வதும் உண்டு. அதற்குக் கஸம்பிங் என்றொரு சொல்லே ஆங்கிலத்தில் இருக்கிறது. பக்கத்து ஸ்காட்லாந்திலோ வழக்கறிஞர்களின் கடிதங்கள் கைமாறி முடிந்ததுமே இருவரும் கட்டுப்பட்டு விடுகின்றனர். ஒரே அரசின்கீழ் இரு வழக்கங்கள்!

ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின்மேல் மற்றவர் சென்று வியாபாரம் பேசலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். லண்டன் மாநகரின் வீட்டுச் சந்தைக்கும் அது பொருந்தும் என்பதை லெஸ்டரிலிருந்து வந்த குரல் நமக்கு உணர்த்திற்று.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54ஆம் பிரிவில், விற்பதாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் அச்சொத்தில் எவ்வுரிமையையும் தானாக உண்டாக்குவதில்லை என்கிறது. சார் பதிவாளர் முன் கிரயப் பத்திரம் பதிவாகும்போதே வீடு கைமாறுகிறது. ஒப்பந்தத்தை மீறியவர்மேல் வழக்குத் தொடரலாம். ஆனால் படியிறங்க முடியாத தாயாரை வைத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறுவது யார்? ஆகவே ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மனிதனைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் மனிதனின் சொல் ஒன்றே.

மூன்றாம் மாதம் வந்தது. வணிகர் வந்தார், பணம் வரவில்லை. அவர் கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கை வாங்கிச் சேகோ ஆலைகளுக்குக் கொடுப்பவர். அவ்வாண்டு கிழங்கு விலை சரிந்தது. மலை விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை. ஆலையிலிருந்து வரவேண்டிய தொகையும் நின்றது. "நேரில் வந்து பாருங்கள் பாய், நான் பொய் சொல்லவில்லை" என்று வற்புறுத்தி நம்மை அழைத்துச் சென்றார். கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைப் பக்கத்தில் விட்டு, மலைச்சாலை ஏறி வெள்ளிமலை சேர்ந்தோம். பிடுங்காத கிழங்கு கொல்லையிலேயே நின்றது. பிடுங்கும் கூலிக்குக்கூட விலை கட்டாது என்றார்கள்.

ஒரு முதியவர் குடிசைத் திண்ணையில் அமரவைத்து எங்கள் கதையைக் கேட்டார். கேட்டு முடித்து, "வீட்டை வித்துட்டு எங்கே போவீங்க?" என்றார். எளிய கேள்விதான். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் அம்மலை, 1976வரை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் எனும் மூன்று ஜாகீர்தார்களின் கீழிருந்தது. உழுதவருக்குப் பட்டா என்பதே அப்போது இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அளிக்கும் நில உரிமை வாரிசுகளுக்குச் செல்லும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படும், ஆனால் விற்க இயலாது. விற்க முடியாத நிலத்தில் விளைந்த கிழங்கின் விலையை நம்பித்தான் கீழே நம் வீடு விலை பேசப்பட்டிருந்தது! நம் சங்கிலியின் முதற்கண்ணி வெள்ளிமலையில் இருப்பதை அன்று கண்டோம்.

தவணை கடந்துவிட்டதால் முன்பணம் நமக்கே என்று ஒப்பந்தம் கூறிற்று. நண்பர்களும் அதையே கூறினர். நாட்டுச் சட்டமும் முற்றிலும் எதிராக இல்லை. வியாபாரத்தின் உறுதிக்கென்று கொடுத்த தொகையாயின், வாங்குபவர் தவறும்போது விற்பவர் அதை வைத்துக்கொள்ளலாம். விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்ததாயின் அவ்வாறு கொள்ள இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாக்கியிருக்கிறது.

மார்க்கச் சட்டத்தில் இதற்கு உர்பூன் என்று பெயர். வாங்காவிட்டால் முன்பணம் போய்விடும் என்ற நிபந்தனையுள்ள வியாபாரத்தைத் தடுக்கும் நபிமொழி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவிலும் அபூதாவூதிலும் வருகிறது. ஹனஃபி, மாலிகி, ஷாஃபி மூன்று மத்ஹபுகளும் அதைக் கூடாதென்றன. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் மட்டும் ஆகுமென்றார். அவர் காட்டும் ஆதாரமும் ஒரு வீட்டு வியாபாரமே! கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்காக மக்காவில் சிறைச்சாலை அமைக்க, நாஃபிஉ இப்னு அப்துல் ஹாரிஸ், ஸஃப்வான் இப்னு உமையாவிடம் ஒரு வீட்டை விலை பேசினார். உமர் இசையாவிடில் ஸஃப்வானுக்கு நானூறு என்று நிபந்தனை வைத்தார். 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் காலவரை குறித்திருந்தால் உர்பூன் ஆகும் என்று முடிவு செய்தது.

ஆகவே வைத்துக்கொள்ள நமக்கு வழியிருந்தது. தேவையும் இருந்தது. அந்த 3 இலட்சம் நம் கையில் இல்லை; வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாம் திருப்பிக் கொடுத்து, அவர் நமக்குத் திருப்பித் தராவிடில், நட்டம் முழுதும் நடுவில் நின்ற நம் தலையில் விழும். இரண்டு இரவு கிதாபுகளைப் புரட்டினோம். கருத்து வேறுபாடுள்ள மஸ்அலாவில் நமக்கு இலாபம் தரும் பக்கத்தை மட்டும் பொறுக்கியெடுப்பதற்கு இல்ம் எதற்கு? வணிகர் மனம் மாறியவரல்லர், கை இற்றுப்போனவர். "வீடு விற்றதும் உங்கள் தொகை வந்து சேரும்" என்று சொல்லியனுப்பினோம். இல்லத்தாள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் தம் இரு வளையல்களைக் கழற்றிப் பெட்டியின்மேல் வைத்திருந்தார்.

இதற்கிடையே மறுபக்கத்திலும் ஒரு முடிச்சு. நாம் வாங்கவிருந்த வீடு அவருடைய தந்தையாருடையது. பட்டா மகன் பெயரில் இருந்தது. உடன்பிறந்த சகோதரிகள் இருவரின் கையொப்பம் எங்கும் இல்லை. "அவர்கள் கேட்கமாட்டார்கள் ஹஜ்ரத், நம் பெண்பிள்ளைகள்தானே" என்றார். கேட்கமாட்டார்கள் என்பதும் அவர்களுக்குப் பங்கில்லை என்பதும் ஒன்றாகுமா? சொத்து கொஞ்சமாயினும் அதிகமாயினும் பெண்களுக்கும் பாகம் உண்டு என்று அந்நிஸா அத்தியாயம் வரையறுத்திருக்க, சகோதரியின் கூச்சத்தைச் சம்மதமாக எண்ணிக்கொள்வது நம் சமுதாயத்தில் பழகிப்போன அநியாயம். நம் வீட்டில் தந்தையார் மறைந்த இரண்டாம் ஆண்டே சகோதரிகளின் பாகத்தைக் கணக்கிட்டுக் கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்திருந்தோம். அதே ஒழுங்கை அவரிடமும் கேட்டோம். ஒரு சகோதரி குவைத்தில் இருந்தார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்று பெற்று, இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இவையெல்லாம் முடிய இரண்டு மாதம் ஓடிற்று. அந்தத் தாமதம் அவர் பக்கத்தது என்பதால் நம் தவணையை நீட்ட அவரும் இசைந்தார். சகோதரிகளின் உரிமையைக் கேட்டு நின்றதே நம் முன்பணத்துக்கும் காவலாயிற்று.

இறுதியில் நம் வீட்டைக் கேட்டவர் அண்டை வீட்டு மரச்சிற்பி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் பட்டறையைப் பெரிதாக்க இடம் தேடிக்கொண்டிருந்தவர். "இத்தனை நாள் சுவர் ஒன்றாக இருந்தது பாய், எனக்கே கொடுங்கள். 30 இலட்சம்தான் முடியும், ஆனால் பதிவன்றே முழுதும் தருகிறேன்" என்றார். அதே வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் 31 என்றார்.

அபூராஃபிஉ (ரலி) தம் இரு வீடுகளுக்கு ஐந்நூறு தீனார் ரொக்கம் கிடைக்கவிருந்தும், அண்டையில் வாழ்பவருக்கே உரிமை அதிகம் என்ற நபிமொழிக்காக, ஸஅத் (ரலி) அவர்களுக்கு நாலாயிரம் திர்ஹத்துக்குத் தவணையில் கொடுத்த செய்தி புகாரியில் உண்டு. ஷுஃப்ஆ எனும் இவ்வுரிமை சென்னை மாகாணத்தில் சட்டமாகச் செல்லாது என்று உயர்நீதிமன்றம் 1870லேயே கூறிவிட்டது. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் மனிதனின் குணம் வெளிப்படும். இவ்வுரிமையில் முஸ்லிமும் பிறரும் சமம் என்று ஹிதாயா கூறுகிறது. அண்டை வீட்டாருக்கே கொடுத்தோம்.

ஒரே நாள் காலையில் விற்று, நண்பகலுக்குள் வாங்கினோம். வாங்கியதற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. வணிகரின் 3 இலட்சம் அன்று மாலையே அவர் கைக்குச் சென்றது. பேசிய முதல் விலையைவிட 2 இலட்சம் குறைந்தது. வளையல்கள் இன்னும் மீட்கப்படவில்லை. தாயார் படியிறங்காமல் உளூச் செய்கிறார்.

வீட்டை விற்றவர் அத்தொகையை அதுபோன்ற ஒன்றிலேயே இடாவிட்டால் அதில் பரக்கத் இராது என்ற கருத்துள்ள அறிவிப்பொன்று இப்னு மாஜாவில் இருக்கிறது. அந்தத் தொகை ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்லும் வழியில் எத்தனை பேர் கையைத் தொடுகிறது என்பதை எட்டு மாதத்தில் கண்டோம். மலையில் கிழங்கு நட்டவர், அதை வாங்கிய வணிகர், குவைத்தில் உழைக்கும் சகோதரி, சுவருக்கு அப்பால் உளி பிடிப்பவர். இவர்களில் ஒருவரைச் சங்கிலியிலிருந்து அறுத்துத் தள்ளினால் நம் காரியம் விரைந்து முடிந்திருக்கும். பரக்கத் வந்திருக்குமா?

வீடு மாறவிருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வோம். முன்பணம் வாங்குமுன், தவணை தவறினால் அத்தொகை என்னாகும் என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நில்லாமல், அவ்வீட்டில் பிறந்த பெண்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இவ்விரண்டும் சீரானால் மற்றத் தாமதங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். வல்ல நாயன் நம் இல்லங்களில் பரக்கத்தைப் பொழிவானாக!