பீக்கா டீயும் காரி பிஸ்கட்டும்

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் மாநகராட்சியின் ‘ஆப்லா தவாகானா’. வேலை முடிந்து வந்தவர்களால் சாயங்காலப் பெஞ்சு நிறைந்திருக்கிறது. என் பக்கத்தில் ஓர் ஆச்சி, திருநெல்வேலிப் பேச்சு. கூடவே பள்ளிச் சீருடையில் பேத்தி. ஆச்சி கையில் கட்டிங் டீ, சீனி போடாத ‘பீக்கா’. அதில் காரி பிஸ்கட்டை முக்கி முக்கித் தின்கிறார். சீனியிடம் காட்டும் கறார் உப்பிடம் இல்லை.

நர்ஸ் பட்டையைச் சுற்றும்போதே மருமகள் புராணம் ஆரம்பம். 168/96. “சுப் பைட்டோ, மௌசி.” முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்தபின் 158/92. பேச்சு நின்றதில் குறைந்தது பத்துதான். மீதி அசல் பிரஷர்.

டாக்டர் மாத்திரைப் பையைக் கவிழ்க்கிறார். மெட்ஃபார்மின் அட்டை சுத்தமாகக் காலி. டெல்மிசார்ட்டன் அட்டையில் மூன்றே ஓட்டை.

“தலை சுத்தல, ஒண்ணுமில்ல. அத எதுக்கு வீணா முழுங்கணும்?”

பேத்தி இதை மரியாதை சேர்த்து இந்தியாக்குகிறாள்.

சுகர் என்றால் சொந்தக்காரர் அத்தனை பேரும் பயப்படுவார்கள். பிரஷரை ஒருவரும் மதிப்பதில்லை. வலிக்காதே, அதுதான் அதன் வசதி. பிரிட்டனின் யூ.கே.பி.டி.எஸ். ஆய்வு 1998-லேயே சொல்லிவிட்டது: டைப் 2 சர்க்கரை நோயாளிகளின் ரத்த அழுத்தத்தைக் கறாராகக் கட்டுப்படுத்தியதில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது, கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ச் சேதம் 37 சதவீதம். ஆச்சி ஒதுக்கிவைத்த அந்த மாத்திரை, சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கியவர்களின் சிறுநீரகத்துக்குக் காவலும்கூட.

டாக்டர் சீட்டில் 130/80 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுக்கிறார். கூடவே சிறுநீர்ப் பரிசோதனை. கண்ணுக்கு சயான் ஆஸ்பத்திரி.

“எத்தன நாளைக்கு?”

“ஹமேஷா.”

பேத்தி வாய் திறக்கவில்லை. ‘எப்பவும்’ என்று புரிய, பம்பாயில் நரைத்த தலைக்கு அந்த இந்தி போதும்.

“அப்போ கருவாடு?”

பேத்தி கேட்டுச் சொல்கிறாள். டாக்டர் விரலை ஆட்டுகிறார்.

“போன வாரம் வாங்கினது டப்பா நெறயக் கிடக்கே, அத என்ன செய்ய?”

பேத்தி அதையும் விடாமல் மொழிபெயர்க்கிறாள்.