எவ்வளவு நெருங்கி எடுப்பது?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில் ஒரு ஊர். பெயரைச் சொல்லவில்லை. நம் மக்கள் இன்றும் அங்கேதான் வாழ்ந்தாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரு டீக்கடையில் காலனிக்காரர்களுக்கு பேப்பர் கப், ஊர்க்காரர்களுக்கு கண்ணாடி கிளாஸ். சிப்காட்டில் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து பேசிக்கொண்டே இறங்கினார்கள். கடை வாசலுக்கு வந்ததும் பிரிந்தார்கள். ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸில் குடித்தான். இன்னொருவன் ரோட்டோரமாக நின்று கப்பில் குடித்தான்.

என்னிடம் அப்போது இரவல் வாங்கிய ஒரு கேமரா இருந்தது. ஒரு பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்த பாடமும் இருந்தது: நெருங்கிப் போ, தேவையில்லாததை வெளியே தள்ளு. படம் நன்றாக வரவில்லை என்றால் நீ போதுமான அளவு நெருங்கவில்லை என்று அர்த்தம், இது போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவின் புகழ்பெற்ற வாசகம் என்றார்கள். நானும் நெருங்கினேன். ஒரு பெரியவரின் வெடித்துப்போன விரல்கள், பேப்பர் கப், மேலே எழும் ஆவி. பின்னால் எல்லாம் மங்கல். தோழர்கள் பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

அந்தப் படத்தை மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். விசாரித்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுல என்னப்பா குத்தம்? நானும் பேப்பர் கப்புலதான் குடிக்கிறேன்.”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கடையின் பெயர்ப்பலகை, அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸ்கள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாதி இந்துக்கள் எல்லாரையும் நானே வெட்டி வெளியே தள்ளியிருந்தேன். கடைக்காரர் எதை மறைப்பாரோ அதை அவருக்காக நான் மறைத்துக் கொடுத்திருந்தேன். மறுபடி எடுக்கப் போனபோது அலமாரி காலி. எல்லாருக்கும் பேப்பர் கப்.

தீண்டாமை அந்தக் கப்பில் இல்லை தோழர்களே. கப்புக்கும் கிளாஸுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு குடிசையை மட்டும் எடுத்தால் அது வறுமை. அந்தக் குடிசையோடு, ஊர்த்தெரு வரை வந்து காலனிக்கு முன்பே நின்றுபோகிற தார் ரோட்டையும் சேர்த்து எடுத்தால் அது சாதி. இரண்டு பக்கமும் தெரியாத படத்தில் சாதி தெரியாது.

புகைப்பட வகுப்புகளில் தவறாமல் காட்டும் படம் ஒன்று உண்டு. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’. லாங்கே அன்று பல படங்கள் எடுத்தார். தள்ளி நின்று எடுத்தவற்றில் கிழிந்த கூடாரமும் வெட்டவெளியும் தெரியும். உலகம் கொண்டாடியது நெருங்கி எடுத்த ஒன்றை மட்டும்: தாயின் முகம், தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள், மடியில் ஒரு கைக்குழந்தை. முகாம் காணாமல் போய்விட்டது. அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அவர் செரோக்கி பழங்குடிப் பெண் என்பதெல்லாம் உலகத்துக்குத் தெரிய 1978க்குப் பிறகாகிவிட்டது. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற கசப்பு அவருக்கு இருந்தது.

நம் பக்கத்துக்கே வருவோம். 2018 நவம்பரில் ஓசூர் அருகிலுள்ள ஊரைச் சேர்ந்த ஒரு தலித் இளைஞரும், அவரைக் காதலித்து மணந்த பெண்ணும் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு, கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்துக் காவிரியில் பிணமாக மிதந்தார்கள். யார், எந்த ஊர் என்று அங்கிருந்த போலீசுக்குத் தெரியவில்லை. துப்புக் கொடுத்தது அந்த இளைஞர் போட்டிருந்த டீ-ஷர்ட். அதில் அம்பேத்கர் படமும் ‘ஜெய்பீம்’ என்ற சொல்லும் அவர் ஊரின் பெயரும் இருந்தன. முகத்தை மட்டும் பார்த்திருந்தால் அடையாளம் தெரியாத சடலமாகவே முடிந்திருக்கலாம். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, ஓரத்தில் இருக்கும் எழுத்தை வெட்ட என் கை நடுங்குகிறது.

அப்படியென்றால் எப்போதும் அகலமாக எடுப்பதுதான் சரியா? அதிலும் ஒருமுறை சறுக்கினேன்.

சுடுகாட்டுப் பாதை கேட்டு நடந்த போராட்டம். இந்த முறை கவனமாகத் தள்ளி நின்று, கொடி, பேனர், கூட்டம், தாலுகா அலுவலக வாசல் எல்லாம் வரும்படி எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். படத்தின் ஓரத்தில் ஒரு அக்கா. நைட் ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்தவர். காண்ட்ராக்ட் வேலை. படம் சூப்பர்வைசர் கண்ணில் பட்டது. அடுத்த வாரம் “இனி வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. “தம்பி, நான் ஓரமாத்தானே நின்னேன்” என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. முதல் படத்தில் குற்றவாளியை வெளியே விட்டேன். இரண்டாவது படத்தில் பாதுகாக்க வேண்டியவரை உள்ளே இழுத்துவிட்டேன். இரண்டு முறையும் ஃபிரேமின் நடுவை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஓரத்தைப் பார்க்கவில்லை.

மதுரைக்காரர் பழனிகுமாரின் படங்களைத் தேடிப் பாருங்கள். 2017இல் வந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய், அந்தக் குடும்பங்களோடு பழகித் தொடர்ந்து படமெடுப்பவர். லென்ஸை முறுக்கி நெருங்குவது ஒன்று, மனிதர்களிடம் போய் நெருங்குவது வேறு என்பது அவற்றைப் பார்த்தால் புரியும்.

களத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். ஒரு இடத்தில் குறைந்தது மூன்று படம் எடுங்கள். முதலில் தள்ளி நின்று: எந்த ஊர், எந்தக் கடை, யார் எங்கே என்று தெரிய வேண்டும். பிறகு நடுத்தரமாக: இரண்டு பக்கமும் ஒரே ஃபிரேமில். கடைசியாக நெருக்கமாக. மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம், இடம் போன்ற தகவல்கள் அழிந்துபோகும். டாகுமெண்டாக அனுப்புங்கள். வழக்கு வந்தால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும். எடுத்த ஃபோனைப் பத்திரமாக வையுங்கள்.

வெளியிடும்போது மட்டும் வெட்டுங்கள். யாருக்கு வேலை போகும், யார் வீட்டுக்கு ஆள் வரும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு பெறும் உரிமையைத் தருகிறது. அரசு அதைத் தருகிறதோ இல்லையோ, படமெடுக்கிற நாம் தர வேண்டும்.

அந்த அக்கா இப்போது வேறு கம்பெனியில் வேலை செய்கிறார். போன மாதம் ஒரு கூட்டத்தில் பார்த்தேன். கேமராவை எடுத்ததும் என்னைப் பார்த்தார். நான் கேமராவைக் கீழே இறக்கி, “எடுக்கலாமா அக்கா?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து நின்றார்.

ஜெய்பீம்.