திரியாய்: கல்லெழுத்தும் கணினியெண்ணும்

திருக்கோணமலைக்கு வருவோரிற் பெரும்பாலோர் கோணேசர் ஆலயத்தைத் தரிசித்து, துறைமுகத்தைப் பார்த்து, கன்னியாய் வெந்நீரூற்றில் நீராடிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். நகரத்திற்கு வடக்கே, கடலை ஒட்டிச் செல்லும் புல்மோட்டை வீதியில் 40 கிலோமீற்றருக்குச் சற்று மேற்படப் பயணஞ் செய்பவர் சிலரே. அவ்வாறு செல்பவருக்கு உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். வலப்பக்கத்தே கடல் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும். இடப்பக்கத்தே வயலும் பற்றைக்காடும் மாறி மாறி வரும். அவ்வழியின் தொலைவிலே இருக்கும் பழம்பெரும் ஊர் திரியாய்.

நெல்வயலும் குளமும் கடலும் ஒருங்கே வாய்த்த ஊர் இது. 1980களிலும் 1990இலும் போர் இவ்வூர் மக்களை வீடு வாசலை விட்டு ஓடச் செய்தது. பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்த நிலத்திற்கு மக்கள் மீண்டு வந்து, காடு வெட்டி, வரம்பு கட்டி, வயலை மறுபடியும் வயலாக்கினர். ஒருமுறை யாவற்றையும் இழந்தவர்களுக்கு ஒரு ரூபாயின் அருமை நன்கு தெரியும். பின்னர் வரும் செய்தியை விளங்கிக்கொள்ள இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஊருக்கு மேற்கே ஒரு குன்று. அதன்மீது படியேறிச் சென்றால், கிரிகண்டு சேய என வழங்கும் பௌத்தத் தாதுகோபம் ஒன்றைக் காணலாம். நடுவே தாதுகோபம், அதனைச் சூழ வட்ட வட்டமாய் நிற்கும் கற்றூண்கள், நாற்றிசையிலும் கற்படிகள். வட்டதாகே எனப்படும் இவ்வகைக் கட்டடம் இலங்கைச் சிற்பிகளுக்கே உரிய தனிச்சிறப்பு. உச்சியில் நின்று கிழக்கே நோக்கினால், பசிய வயல்களுக்கு அப்பால் நீலக் கடல் தெரியும். காலை வேளையில் ஏறுபவருக்கு அக்காட்சி ஒன்றே வந்த களைப்பைப் போக்கிவிடும்.

இக்குன்றின் பாறையிலே ஒரு கல்வெட்டு உண்டு. புத்தருக்கு முதன்முதல் உணவளித்தவர் எனப் பௌத்த நூல்கள் போற்றும் திரபுசர், பல்லிகர் என்னும் வணிகர் இருவரின் பெயரோடு தொடர்புடைய வணிகக் குழுவினரை அது குறிப்பிடுகின்றது. கடல்வழி வந்த வணிகர் இங்கே அறப்பணி செய்தனர் என்பது அதனாற் பெறப்படும் செய்தி. அறிஞர் பரணவிதான இக்கல்வெட்டை ஆராய்ந்து பதிப்பித்தார்.

கல்வெட்டை வாசித்தல் ஒரு தனிக் கலை. இக்கல்லில் உள்ள எழுத்து, தென்னிந்தியாவிலே பல்லவர் காலத்தில் வழங்கிய கிரந்த எழுத்தை ஒத்தது. அதன் வடிவத்தைக் கொண்டே ஆய்வாளர் இதனைப் பொது ஆண்டு 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டினதெனக் கணித்தனர். எழுத்தைப் பார்த்துத் தமிழென்று எண்ணியவர் ஏமாறுவர், மொழியோ வடமொழி. வடமொழியென்று கண்டு சைவ வைதிகச் செய்தியை எதிர்பார்த்தவரும் ஏமாறுவர், பொருளோ பௌத்தம். எழுத்து காலத்தைக் கூறும். மொழி எழுதியவரின் கல்வியைக் கூறும். பொருளை அறிய வேண்டுமாயின் முழுவதையும் வாசித்தே ஆகவேண்டும். முதல் எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் முடிவு கட்டுவது கற்றோர்க்கு அழகன்று.

குன்றிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்து, ஒரு தேநீர்க் கடையிலே அமர்ந்தேன். அங்கே நெல் வியாபாரம் பேசிக்கொண்டிருந்த ஒருவர், நான் நகரத்திலிருந்து வந்தவன் என்று அறிந்ததும், தம் மகனை அழைத்து வந்தார். மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவிற் பயிலும் மாணவன். பெரும்போகத்து நெல் விற்ற பணத்திலே அவனுக்கொரு கணினி வாங்கித் தருவதெனத் தந்தை வாக்களித்திருந்தார். உதிரிப் பாகங்களை வாங்கித் தானே பொருத்துவது மகனின் விருப்பம். இரண்டு கடைகளில் எழுதி வாங்கிய விலைச்சீட்டுகள் அவன் கையில் இருந்தன. முதற் சீட்டில் "ஆர்டிஎக்ஸ் 3050" என்றும், மற்றதில் "ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, பாவித்தது" என்றும் கண்டிருந்தது. இவ்விரண்டும் வரைகலை அட்டைகள். கணினித் திரையிலே படத்தைத் தீட்டுவதற்கான தனிப் பாகம். கடைக்காரர் இதனைக் கிராபிக்ஸ் கார்ட் என்பர்.

"ஐயா, 3050 எண்டால் 580ஐ விட அஞ்சு மடங்கு பெரிசுதானே?" என்று மாணவன் கேட்டான்.

"பெரிசோ சின்னனோ, ஐயா, பிள்ளை ஏமாறாமல் இருந்தாற் காணும்" என்றார் தந்தை.

அவர் கவலை நியாயமானதே. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்க டொலர் ஒன்றிற்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணய மாற்று விலை, சில மாதங்களுக்குள் 360 ரூபாயளவிற்கு உயர்ந்ததை நாம் மறந்திருக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் கணினிப் பாகமொன்றைத் தவறாக வாங்குவது, ஒரு போகத்து உழைப்பில் ஒரு பங்கைக் கடலிற் கொட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே, அவனுக்கு அன்று கூறியவற்றை, இதே ஐயம் உள்ள ஏனைய மாணவர்க்கும் பயன்படுமாறு சற்று விரித்து இங்கே எழுதுகின்றேன்.

முதலாவதாக, இவ்வெண்கள் அளவைக் குறிப்பன என்று எண்ணுதல் ஆகாது. படை வீரனின் சட்டையிலுள்ள இலக்கம் போல இவை இடத்தைக் குறிப்பன. என்விடியா நிறுவனத்தின் அட்டைகளில், முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையைக் கூறும். கடைசி இரண்டு இலக்கங்கள் அத்தலைமுறைக்குள் அதன் படிநிலையைக் கூறும். 3050 என்பது 30ஆம் வரிசையின் 50ஆம் படி. 50 எளியது, 60 நடுத்தரம், 70, 80, 90 என மேலே செல்லச் செல்ல ஆற்றலும் விலையும் ஏறும். 30ஆம் வரிசை 2020ஆம் ஆண்டிலும், 40ஆம் வரிசை 2022ஆம் ஆண்டிலும், 50ஆம் வரிசை 2025ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. எண்ணின் பின்னே "டிஐ" என்றோ "சூப்பர்" என்றோ இருப்பின், அதே படியில் சற்று வலியது என்று கொள்ளலாம். எண்ணின் முன்னே நிற்கும் "ஆர்டிஎக்ஸ்", ஒளிக்கதிர் விழும் வழியைக் கணித்து நிழலும் பிரதிபலிப்பும் தீட்டவல்ல வகையென்பதற்கு அடையாளம்.

ஏஎம்டி நிறுவனத்தின் முறை வேறு. 580 என்பதில் முதல் இலக்கமே தலைமுறை; அது 2017ஆம் ஆண்டில் வந்தது. பின்னர் அந்நிறுவனம் நான்கு இலக்கத்திற்கு மாறி 5700, 6600, 7600 எனப் பெயரிட்டது. 2025ஆம் ஆண்டில் 8000 வரிசையை இத்துறையில் விடுத்து, 9070 என நேரே தாவியது. ஆகவே, ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடுவது, திரியாய் வயலை ஏக்கரிலும் அயலூர் வயலை விதைப்பு மூடையிலும் அளந்து, எது பெரிதென்று வழக்காடுவதைப் போன்றது. உண்மையில் மாணவனின் சீட்டிலிருந்த இரண்டு அட்டைகளும் பல விளையாட்டுகளில் அத்துணைப் பெரிய வேறுபாடு காட்டாதவை. ஐந்து மடங்கென்பது வெறும் எண்ணின் மயக்கம்.

ஒரே நிறுவனத்தின் வரிசையிலும் இம்மயக்கம் உண்டு. 20ஆம் வரிசை 2018ஆம் ஆண்டிலே வந்துவிட்டது. அதற்குப் பின் 2019ஆம் ஆண்டில் 1660, 1650 என 16ஆம் வரிசை வந்தது. தம்பி அண்ணனுக்கு முன் பிறந்ததுபோற் காட்டும் இவ்வெண்களை வைத்து ஆண்டைக் கணித்தவர் பிழைபடுவர்.

இனி மிக முக்கியமான செய்தி. ஒரே பெயரைத் தாங்கி, உள்ளே வேறுபட்ட பொருளாக இருக்கும் அட்டைகள் பல உண்டு. மாணவன் வைத்திருந்த 3050 அவற்றுள் ஒன்று. 2022ஆம் ஆண்டில் வந்த 8 ஜிபி அட்டையிற் கணிப்புக் கருக்கள் 2560; 2024ஆம் ஆண்டில் அதே பெயரில் வந்த 6 ஜிபி அட்டையில் 2304 மட்டுமே. நினைவகத்திற்குச் செல்லும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாக ஒடுங்கிவிட்டது. கடைக்காரரின் சீட்டில் ஜிபி எழுதப்படவில்லை. அந்த ஒரு சொல் விடுபட்டதால் மாணவனுக்கு எது கிடைக்குமென்று சொல்ல இயலாது. 1030 என்னும் சிற்றட்டையிலும் இவ்வாறே ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது ஒன்று, டிடிஆர்4 நினைவகம் கொண்டது ஒன்று. பின்னதன் நினைவக வேகம் முன்னதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. மடிக்கணினியில் வரும் 4070உம் மேசைக் கணினியின் 4070உம் பெயரால் ஒன்று. கருக்களோ முறையே 4608, 5888.

இம்மயக்கத்தை உலகமே எதிர்த்த காலமும் உண்டு. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் என்விடியா நிறுவனம் 4080 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என இரண்டை அறிவித்தது. நினைவகம் மட்டுமன்றிக் கருக்களின் தொகையும் வேறுபட்டதைக் கண்டு பலரும் குறை கூறவே, அடுத்த மாதமே 12 ஜிபி அட்டையை அந்நிறுவனம் மீளப்பெற்றது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அது 4070 டிஐ என்னும் பெயருடன் வெளிவந்தது. வாங்குவோர் கூர்ந்து வாசித்தால் விற்போரும் பெயரைத் திருத்துவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாவது சீட்டிலிருந்த "பாவித்தது" என்ற சொல்லையும் கவனித்தல் வேண்டும். ஈதீரியம் என்னும் மின்னாணயத்தைத் தோண்டுவதற்கு இரவு பகலாக ஓடிய அட்டைகள் ஏராளம். 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி அந்நாணயத்தின் முறை மாறியதும், அவை பழைய சரக்காகச் சந்தைக்கு வந்து குவிந்தன. 580இலே 2304 கரு கொண்டதும், 2048 மட்டுமே கொண்டதும் உள. ஜிபியூ-ஸெட் என்னும் இலவச மென்பொருளை ஓடவிட்டு, உள்ளே இருப்பதைக் கண்ணாற் பார்த்தபின்பே பாவித்த அட்டைக்குப் பணம் கொடுத்தல் நன்று. 185 வாற்று வரை மின்சாரம் கொள்ளும் 580இற்குத் தக்க மின்வழங்கியும் வேண்டும். 3050இன் 6 ஜிபி அட்டைக்கோ 70 வாற்றே போதுமானது. மின்கட்டணத்தை எண்ணும் வீட்டிற்கு இது சிறிய செய்தியன்று.

சீட்டுகளை மேலும் பார்த்தபோது, இரண்டிலும் கணினியின் மூளையாகிய செயலி "ஐ5-12400எஃப்" எனக் கண்டிருந்தது. கடைசியில் நிற்கும் அந்த எஃப் என்னும் ஓரெழுத்தே முழுச் செலவையும் தீர்மானிப்பது. எஃப் உள்ள செயலிக்குத் தானே படந்தீட்டும் வல்லமை இல்லை. அட்டை இன்றேல் திரை இருண்டே கிடக்கும். எஃப் இல்லாத 12400 வாங்கினால் அட்டையின்றியே கணினி இயங்கும். ஏஎம்டியின் 5600ஜி போன்றவற்றில் ஜி என்னும் எழுத்து அவ்வல்லமை உண்டென்பதைக் காட்டும்.

"தம்பி, உமக்கு இப்போது கணினி எதற்கு?" என்று கேட்டேன். பாடத்திற்கான வரைபடம், கட்டுரை, சிறிது நிரல் எழுதுதல், தங்கைக்குப் பாடக் காணொளி என்றான். சற்றுத் தயங்கி, விளையாட்டும் என்றான். முதல் நான்கிற்கும் அட்டை வேண்டியதில்லை. எஃப் இல்லாத செயலியும், போதிய நினைவகமும், நல்ல மின்வழங்கியும் இப்போது வாங்குக. அட்டைக்குரிய இடத்தைக் காலியாக விடுக. அடுத்த போகம் நன்றாக விளைந்தால், அப்போது முழுப் பெயரையும் ஜிபியோடு எழுதி வாங்கி அட்டையைச் சேர்க்கலாம் என்றேன். தந்தையின் முகம் தெளிந்தது. மகனின் முகம் சற்று வாடியது. ஆயினும் சீட்டை எடுத்து, எஃப் என்னும் எழுத்தைத் தானே வெட்டினான்.

திரியாயிலிருந்து இன்னும் வடக்கே சென்றால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணலிலிருந்து இல்மனைற்று, ரூற்றைல், சிர்க்கன் முதலிய கனிமங்களைப் பிரித்தெடுக்கின்றனர். சிர்க்கனுக்குள் ஹாப்னியம் என்னும் உலோகம் சிறிதளவு கலந்திருக்கும். 2007ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் தன் சில்லுகளின் நுண்ணிய காப்புப் படலத்திற்கு ஹாப்னியத்தைக் கையாண்டது; இன்றைய மேன்மையான சில்லுகளிலும் அவ்வுலோகம் இடம்பெறுகின்றது. ஆகவே, கணினிச் சில்லின் ஒரு மூலப்பொருள் திரியாய் மக்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அதன் தாய்க் கனிமம் அவர்தம் அயற்கரையிலேயே கிடக்கின்றது.

திருக்கோணமலைக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு நாளைத் திரியாய்க்கென ஒதுக்குவார்களாக. வெயில் ஏறுமுன் குன்றில் ஏறுங்கள். குடிநீர் கொண்டு செல்லுங்கள். புனித இடமாகையாற் பாதரட்சையைக் கழற்றிவிட்டு நடவுங்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று அப்பாறை எழுத்தைக் காட்டுங்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எவரோ வெட்டிய எழுத்தை, வடிவத்தையும் மொழியையும் பொருளையும் தனித்தனியே பார்த்துப் பொறுமையோடு வாசித்தவர்களாலேயே இவ்வூரின் வரலாறு நமக்குக் கிடைத்தது. அப்பொறுமை கைவந்த பிள்ளையைக் கடைவீதியில் எந்த எண்ணும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.