விசையும் கண்ணாடியும்

விசைகள் வைத்த கைப்பேசிகள்மேல் பித்துக் கொண்டவர்கள் ஒரு சிறு கூட்டமாக உலகெங்கும் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். கடைகளிலிருந்து மறைந்துபோன பிளாக்பெரியைத் தேடிப் பிடிப்பது, தேய்ந்த விசைத்தட்டைக் கழற்றிவிட்டு வேறொன்று பொருத்துவது, உப்பிப்போன பாட்டரிக்கு மாற்று கேட்டு ரிச்சி தெருவில் அலைவது, இதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பழம்பொருள் மோகமாகத் தெரியும். பழைய வானொலி, பழைய கடிகாரம் சேர்ப்பவர்களோடு எங்களையும் சேர்த்துவிடுவார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு என்று இப்போது தோன்றுகிறது. அது என்ன என்று எனக்கே சொல்லிப் பார்த்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த அபிமானிகள் எதை எதையோ சிலாகித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்: பார்க்காமல் எழுத முடிகிறது. விசையை அழுத்தினால் அது கொஞ்சம் மறுக்கிறது, பிறகு இணங்குகிறது, திரும்பி எழுகிறது. காரியம் முடிந்தது என்று விரலுக்கே தெரிந்துவிடுகிறது. கண்ணாடியில் விரல் எங்கே பட்டது என்பது விரலுக்குத் தெரியாது. கண் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணும் தப்பவிட்டால் யந்திரம் தானே ஒரு சொல்லை ஊகித்து வைத்துவிடும். கண் காவல்காரன், விரல் கைதி என்று ஆகிவிடுகிறது.

கனடாவின் வாட்டர்லூ நகரத்தில் 1984இல் மைக் லாசரிடிஸும் டக்ளஸ் ஃப்ரெகினும் தொடங்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999இல் பிளாக்பெரி என்ற பெயரில் முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு கட்டைவிரல்களை மட்டும் நம்பிச் செய்த விசைப்பலகை அதில் இருந்தது. 2008இல் வந்த போல்டு 9000இல் அந்தக் கைவேலை ரொம்பவும் தேர்ந்துவிட்டது. ஒவ்வொரு விசையும் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரியும். வரிசைகளுக்கு நடுவே வீணையின் மெட்டுகளைப் போல மெல்லிய உலோகப் பட்டைகள். கட்டைவிரல் தன் இடத்தைத் தானே தடவி அறிந்துகொள்ளும். அதே 2008இல் அதே நிறுவனம் ஸ்டார்ம் என்று ஒரு கண்ணாடிப் போனையும் வெளியிட்டது. அழுத்தினால் திரை முழுவதும் ஒரே விசையாக அமுங்கும். அது தோற்றது. விரல் கேட்டது வெறும் 'க்ளிக்' அல்ல என்பது அதிலிருந்து தெரிகிறது. விரலுக்கு எல்லைகள் வேண்டியிருந்தன.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 2016இல் நிறுவனம் தானே போன் செய்வதை நிறுத்தியது. உரிமம் வாங்கிச் செய்தவர்கள் 2020இல் கைகழுவினார்கள். 2022 ஜனவரி 4ஆம் தேதி பழைய கருவிகளுக்கான சேவையும் நின்றது. சீனாவின் யூனிஹெர்ட்ஸ் விசை வைத்த டைட்டனைக் கொண்டுவந்தது; 2024இல் ஐபோனுக்கு உறைபோல மாட்டிக்கொள்ளும் க்ளிக்ஸ் விசைப்பலகை வந்தது. கூட்டம் சிறியதானாலும் கலையவில்லை.

இந்தப் பித்தில் அசட்டுத்தனமும் உண்டு. ஒரு காலத்தில் பிளாக்பெரி வைத்திருப்பது பெரிய உத்தியோகத்தின் அடையாளம். அலுவலகம் கட்டிவிட்ட சங்கிலியைக் கழுத்து நகையாக எண்ணிக்கொண்டவர்கள் ஏராளம். போதைமருந்தின் பெயரோடு சேர்த்து அதைக் 'கிராக்பெரி' என்று கேலி செய்த சொல்லை வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்டு அகராதி 2006ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. என்னிடம் இருந்தது நோக்கியா ஈ63தான். உத்தியோகமும் அதற்கேற்றது.

எனக்கு இந்தப் பித்து வந்த வழி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஆங்கிலத்தில் ஹையர், தமிழில் லோயர். வாத்தியார் விசைகளின்மேல் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் கையை விட்டு அடிக்கச் சொல்வார். தமிழ் மெஷினில் புள்ளி விசையை முதலில் தட்ட வேண்டும். வண்டி நகராது. பிறகு எழுத்தைத் தட்டினால் அது புள்ளிக்கடியில் வந்து உட்காரும். மெய்யெழுத்துக்கு முன்னால் புள்ளி பிறக்கும் இந்த விசித்திரம் விரலுக்குப் பழகியபின் விசித்திரமாகப் படவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா என்பவர் இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் தேடித் தேடி வைத்திருக்கிறார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், மூளையைக் கேட்காமல் விரல் சிலவற்றை வைத்துக்கொள்ளும் என்பதுதான்.

இனி நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கவிதை எழுதியவர். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு யார் என்று தெரிந்துவிடும், பெயர் வேண்டாம். 2011இல் அவருக்குத் தொண்டையில் புற்று கண்டு குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவர். மகன் தன் அலுவலகத்தில் போன் மாற்றியபோது பழைய போல்டு 9000ஐ அப்பாவிடம் கொடுத்திருந்தான். அதுதான் அவருக்கு வாயாயிற்று.

படுத்த வாக்கில் போர்வைக்குள் போனைப் பிடித்திருப்பார். நான் பேசப் பேச என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போர்வைக்குள் விரல் ஓடும். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் போன் வெளியே வந்து என் பக்கம் திரும்பும். முக்கால்வாசி நேரம் நான் சொன்னதற்கு மறுப்பு. நான் வாசிக்கும்போது என் முகம் எப்படி மாறுகிறது என்று கவனிப்பார். ஒரு நாள்கூட அவர் திரையைப் பார்த்து அடித்து நான் கண்டதில்லை. அதே வார்டில் குரல் போன இன்னொருவர் கண்ணாடிப் போன் வைத்திருந்தார். குனிந்து திரையைத் தடவிக்கொண்டிருப்பார். மனைவி எதிரில் காத்து நிற்பாள். அவர் நிமிரும்போது அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். விசை உள்ள போனைப் பற்றி அபிமானிகள் எழுதும் அத்தனை புகழுரைகளிலும் இல்லாத ஒன்றை அந்த வார்டில் பார்த்தேன். பேச்சு என்பது எதிரிலிருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. விசை அதை அவரிடம் விட்டுவைத்தது.

இதுவரைக்கும் என் கட்சி சரி. இனிமேல்தான் சிக்கல்.

அவர் அடித்தது தமிழ், எழுத்து ஆங்கிலம். விசையில் பொறித்திருந்தது இருபத்தாறு ரோமன் எழுத்துகள். தமிழ்99 விசைப்பலகையில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொரு விசை வேண்டும். கட்டைவிரல் போனில் எழுத்து விசைகள் அதற்குக் காணாது. தமிழ்99இல் ழ-வின் இடமே எழுத்து வரிசைகளைத் தாண்டி, சாய்கோட்டு விசையில். 2005லேயே முத்து நெடுமாறனின் செல்லினம் கைப்பேசிக்கு வந்திருந்தது. நாங்கள் தேடிப் போகவில்லை. தமிழில் அனுப்பினால் பல போன்களில் கட்டம் கட்டமாகத்தான் வந்து விழும். செலவும் கூட: ஒரு குறுஞ்செய்தியில் ரோமன் எழுத்து 160 கொள்ளும், தமிழில் போனால் 70தான், அதிலும் ஒரு 'கொ' இரண்டாகக் கணக்காகும்.

ழ-வுக்கு ரோமனில் இசட், எச் என்று போடும் வழக்கம் அவருக்குப் பிடிக்காது. குரல் இருந்த காலத்திலேயே, "அதைப் பார்த்தாலே காதில் கொசு ரீங்காரம் கேட்குது ஐயா" என்பார். தமிழ் என்பதையே உலகம் எல் போட்டுத்தானே எழுதுகிறது என்று வாதம் வேறு. ஆகவே ல, ள, ழ மூன்றுக்கும் அவரிடம் ஒரே எல். நெடிலுக்கும் குறிலுக்கும் வித்தியாசம் கிடையாது. படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், புரிந்துகொண்டோம்.

ஒரு நாள் விடியற்காலை 4.10க்கு அவரிடமிருந்து எனக்கு வந்த செய்தி மூன்றே சொற்கள். முதல் சொல் 'இனி'. மூன்றாவது 'இல்லை'. நடுவில் வி, ஏ, எல், ஐ என்று நான்கு எழுத்து. நான் காலையில்தான் பார்த்தேன். அவருக்கு அதற்குள் நினைவு தப்பியிருந்தது. மறுநாள் போய்விட்டார்.

அதே செய்தி அவர் மனைவிக்கும் வந்திருந்தது. அவர் அதை 'இனி வலி இல்லை' என்று படித்தார். காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினார். "கடைசியில நிம்மதியாத்தான் போனார்" என்றார். அது அவருக்குப் பெரிய ஆறுதல். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

சில மாதம் கழித்து என் ஈ63இல் இருந்த அவருடைய செய்திகளையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். இருநூற்றுப் பதினேழு. அந்த நான்கெழுத்து அவற்றில் பதினோரு இடத்தில் வருகிறது. "வரும் வழியில் ஹிந்து வாங்கி வா." "டாக்டர் வேறு வழி யோசிக்கிறார்." "மகன் வழி தெரியாமல் சுற்றுகிறான்." பதினோரு இடத்திலும் வழிதான். வலியைப் பற்றி அவர் எனக்கு ஒரு தடவைகூட எழுதியதில்லை. அந்த மாதிரி ஆள் இல்லை அவர். பன்னிரண்டாவது இடத்தில் மட்டும் அது வலி என்று எந்த நியாயத்தில் நான் படிப்பது?

அவர் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகை படிப்பவரல்ல. படிக்கிற முந்நூறு பேரும் போய்ச் சொல்லிவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் இந்த விசைகளைப் பற்றிச் சொன்ன குறை, அவை வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் பிளாஸ்டிக்கில் பதிந்து அங்கேயே கிடக்கின்றன, மாற்ற முடியவில்லை என்பது. எங்கள் கூட்டம் அதை ஒரு வியாபாரியின் சாமர்த்தியப் பேச்சாக இன்னும் நினைவு வைத்திருக்கிறது. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் ஆங்கிலக்காரனுக்கு அது வெறும் சௌகரியப் பிரச்னை. அவன் எழுத்து ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. எனக்கோ அது மூடிய கதவு. கண்ணாடியில் எதுவும் பொறிக்கப்படவில்லை. அதனாலேயே தமிழ் அங்கே முழுசாக, முப்பத்தொரு எழுத்தோடு வந்து உட்கார முடிந்தது. முத்தையா மெஷினுக்குச் செய்ததை அந்தச் சிறிய பலகைக்கு யாரும் செய்து தரவில்லை. செய்யும்படி நாங்களும் கேட்கவில்லை. ரோமனில் அடிப்பதற்கு ரொம்ப சுலபமாகப் பழகிவிட்டோம்.

ஆகவே இப்போது என் நிலை இதுதான். கண்ணாடிப் போன் இருந்திருந்தால் ழ-வா ல-வா என்பது எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கடைசி எட்டு மாதமும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அபிமானிகளின் உற்சாகத்தில் முன்போலக் கலந்துகொள்ளவும் முடியவில்லை. விட்டு விலகவும் முடியவில்லை. போன மாதம்கூட ஈ63க்கு ஒரு மாற்று பாட்டரி வாங்கிவந்தேன். உயிர் வந்தது. செய்திகள் அப்படியே இருக்கின்றன.

இந்தக் கட்டுரையைக் கண்ணாடியில்தான், தமிழில், குனிந்து பார்த்துப் பார்த்து அடித்தேன். வலி என்றோ வழி என்றோ வரும் ஒவ்வொரு இடத்திலும் எது என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் விரல் தவறி ழ-வுக்குப் பதில் ல விழுந்தது. திருத்தியிருக்கிறேன்.