சலுகைக்காலக் குறிப்புகள்

2020 ஜனவரி 11

ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்களைக் கப்பல் சுற்றுலாத் தொழிலினர் ‘வேவ் சீசன்’ என்பர். ஆண்டு முன்பதிவுகளில் பெரும்பங்கு இக்காலத்தில் குவிவதால், நிறுவனங்கள் சலுகைகளை வாரி இறைக்கின்றன. ஆனால் அவை கட்டணத்தைக் குறைப்பதைவிட, பானத் தொகுப்பு, வைஃபை, கப்பலுக்குள் மட்டுமே செலவிடத்தக்க வரவுத்தொகையான ‘ஆன்போர்டு கிரெடிட்’ போன்ற இலவசங்களைக் கூட்டவே விரும்புகின்றன. குறைத்த கட்டணத்தை அடுத்த ஆண்டும் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பார், இலவசத்தையோ ஓசையின்றி நிறுத்திவிடலாம். மே இறுதியில் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா செல்லும் ஏழு இரவுப் பயணத்தில், இக்குறிப்பாளருக்கும் அவருடைய தமக்கைக்குமாக ஒரு ‘கேரண்டி’ அறை பதிவாயிற்று. அறையின் வகை மட்டும் உறுதி, எண் பின்னர் தெரியும் என்பது அதன் பொருள். எஞ்சிய அறைகளுள் ஏதேனும் ஒன்றைத் தள்ளிவிடும் உரிமையை நிறுவனம் பெறுவதால் விலை குறைகிறது.

ஜனவரி 18

கப்பல் சுற்றுலா நிறுவனமான கார்னிவல் குழுமத்தின் 100 பங்குகளை வைத்திருப்போருக்கு, ஏழு முதல் பதின்மூன்று நாள் வரையிலான பயணத்துக்கு 100 டாலர் வரவுத்தொகை கிடைக்கிறது. பங்கின் விலை ஏறத்தாழ 50 டாலர். நூறு டாலர் சலுகைக்காக ஐயாயிரம் டாலரை முடக்குவது பற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் கணக்குப் போடப்பட்டது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 5

யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ சுற்றுலாக் கப்பல், கொரோனா தொற்று காரணமாக 3,711 பேருடன் தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 16

தமக்கை தயங்குகிறார். அவர் விலகினால் பாதிப் பணம் மிஞ்சும் என்பது பிழையான எதிர்பார்ப்பு. விளம்பரங்களில் காணப்படும் தலைக்கட்டணம் ஓர் அறையில் இருவர் தங்குவர் என்ற அடிப்படையில் கணக்கிடப்படுவது, தனியாகச் செல்பவர் ‘சிங்கிள் சப்ளிமென்ட்’ என்னும் கூடுதல் தொகையைச் செலுத்த நேர்கிறது, அது பெரும்பாலும் மற்றவரின் கட்டணம் முழுவதையும் எட்டிவிடுகிறது. வராத தமக்கைக்கும் இடம் வாங்கியே ஆக வேண்டும். நார்வீஜியன் நிறுவனம் 2010இல் ‘எபிக்’ கப்பலில் தனியர்க்கென 128 சிற்றறைகளை அமைத்தது இக்குறையை உணர்ந்தே எனினும், அவ்வகை அறைகள் இன்னும் அரிதாகவே உள்ளன.

பிப்ரவரி 20

விலை இறங்கியது. இறுதித் தவணை நாளுக்கு முன்னர் விலை குறையுமாயின், முன்பதிவை நீக்காமலேயே புதிய விலைக்கு மாற்றித் தருமாறு கேட்கலாம், கேட்கப்பட்டது, கிடைத்தது. விலை ஏன் இறங்கியது என்ற கேள்வி அன்றைய மகிழ்ச்சியில் எழவில்லை. தமக்கையும் வர இசைந்தார். முழுத்தொகையும் செலுத்தப்பட்டது.

மார்ச் 14

ஐநூறு பேருக்கு மேல் ஏற்றும் சுற்றுலாக் கப்பல்களுக்குக் கனடா ஜூலை 1 வரை தடை விதித்திருப்பதாக நேற்று அறிவித்தது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே அயல்நாட்டுக் கொடி ஏந்திய கப்பல்கள் பயணிகளை ஏற்றிச் செல்வதை 1886ஆம் ஆண்டின் சட்டமொன்று கட்டுப்படுத்துவதால், சியாட்டிலிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் அலாஸ்காக் கப்பல் இடையில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பூந்தோட்ட உலாவுக்கென்று விளம்பர ஏடுகள் புகழும் கனடாவின் விக்டோரியா நிறுத்தம், உண்மையில் இச்சட்டத்தை நிறைவேற்றும் நிறுத்தமே. அது மூடப்பட்டதும் பயணமே இல்லாமற் போயிற்று.

மார்ச் 27

கடிதம் வந்தது. செலுத்திய பணத்தை முழுமையாகத் திரும்பப் பெறலாம், அல்லது எதிர்காலப் பயணத்துக்கு மட்டும் பயன்படும் 125 விழுக்காட்டு வரவுச்சீட்டைப் பெறலாம். படிவம் நிரப்பாதவருக்குச் சீட்டுதான். இருபத்தைந்து விழுக்காடு! வேவ் சீசனில் கிட்டாத சலுகை இது என்பதில் இக்குறிப்பாளருக்கு எழுந்த கிளர்ச்சி, தொற்றுச் செய்திகளுக்கு நடுவே சற்றுக் கூச்சம் தருவது.

ஏப்ரல் 2

கார்னிவல் குழுமம் 400 கோடி டாலர் கடனை 11.5 விழுக்காட்டு வட்டிக்குப் பெற்றிருக்கிறது. அக்கடனுக்குக் கப்பல்கள் ஈடு. புதிய பங்குகளோ 8 டாலருக்கு விற்கப்பட்டிருக்கின்றன. சீட்டு வைத்திருப்போரும் தத்தம் நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தோரே, ஆயினும் அவர்களுக்கு ஈடு ஏதும் இல்லை, வட்டியும் பணமாக வராது. திரும்ப ஓர் அறை வாங்கினால் மட்டுமே அது கைக்கு எட்டும். ஜனவரியில் அடுக்கப்பட்ட இலவசங்களையும் இக்கணக்கின்படி மறுபடி பார்க்க வேண்டியுள்ளது.

ஏப்ரல் 19

எழுத ஒன்றுமில்லை.

மே 30

கனடா தடையை அக்டோபர் 31 வரை நீட்டித்துள்ளது. 2021ஆம் ஆண்டின் அலாஸ்காப் பயணங்களுக்குச் சலுகைகள் அறிவிக்கப்பட்டிருப்பதாகவும், சீட்டைக் கொண்டு இம்முறை பால்கனி அறையே எடுத்துவிடலாம் என்றும் தமக்கை தொலைபேசியில் சொன்னார். பணத்தைத் திரும்பக் கேட்பதே முறை என்று காலையில் முடிவு செய்திருந்த இக்குறிப்பாளர், பால்கனி அறை எந்தத் தளத்தில் என்று கேட்டார்.